விரலுக்குச் சுற்றிய டேப்

என் அண்ணிக்கு முதலில் வைத்த பட்டப்பெயர் "செக்கிங்". இப்போது அந்தப் பெயரும் போய்விட்டது. "அந்தப் பூட்டுக்காரம்மா" என்கிறார்கள். இரண்டையும் வைத்தது ஒரே கூட்டம்தான், பாறை ஏறும் சங்கத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கயிறும் ஹெல்மெட்டுமாக ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போய், செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே எனக்குத் தலை சுற்றும். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வாய் ஓயாத தொழில், அதனால் பேச்சு கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸ் அறுத்து, ஓரம் தேய்த்து, பிரேமில் பொருத்தும் வேலை. கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை விளக்கு, தேய்க்கிற மிஷின், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். லென்ஸை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கீறல் தெரிந்தால் ஓரமாக வைத்துவிடுவார். முதலாளி வந்து, "இது யாருக்கும்மா தெரியப்போகுது?" என்பார். "எனக்குத் தெரியுதே சார்" என்பார் அண்ணி. தொழிலில் வந்த குணமா, பிறவிக் குணமா, தெரியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து, உடனே மாற்றச் சொன்னவர். என் அம்மாவுக்கு அன்றைக்கே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "வந்ததும் வராததுமா குத்தம் கண்டுபிடிக்கிறா பாரு" என்றாள். குழாயில் வெடிப்பு இருந்தது என்பதை அம்மா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நல்ல மனுஷன். அதுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. அவருடைய குடை எந்த மழைக்காலத்திலும் வீட்டில் இருந்ததில்லை. பாறை ஏறும் சங்கத்தில் அவர் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணி முதல் நாள் ஏறவில்லை. கீழே உட்கார்ந்து, எல்லோரும் மாட்டியிருந்த சாமான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஹெல்மெட்ல ஏன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க? அடியில கீறல் இருந்தா எப்படித் தெரியும்?"

அண்ணன் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை உரித்தார். அடியில் கீறல் இருந்தது.

அடுத்த வாரம் புது ஹெல்மெட் வாங்கப் போனார்கள். துணைக்கு நானும் போனேன், போனதற்கு நன்றாகப் பொழுது போயிற்று. விற்கிறவன் ஒரு பளபளப்பான சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான். அண்ணி அதை அண்ணன் தலையில் வைத்து, வாரை மாட்டாமல், "குனிஞ்சு தலைய ஆட்டுங்க" என்றார். அண்ணன் கடை நடுவில் குனிந்து சாமி வந்தவர் மாதிரி ஆட்டினார். விழவில்லை. பிறகு வாரை மாட்டி, பின்னாலிருந்து முன்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. விற்கிறவன் பில் போடக் கிளம்பினான்.

"தம்பி, இது கீழ விழுந்திருக்கா?"

"புதுசு மேடம்."

"புதுசு சரி. விழுந்துச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். "காலையில ஷெல்ஃப்ல இருந்து ஒரு தடவை... ஆனா ஒண்ணும் ஆகல மேடம், பாருங்க."

"ஒரு தடவை அடி வாங்கினது இன்னொரு அடிய தாங்குமான்னு யாருக்குத் தெரியும்? உள்ள இருந்து வேற எடுங்க. பெட்டி பிரிக்காதது."

பெட்டி பிரிக்காதது வந்தது. நிறம் சகிக்கவில்லை, வாடிப்போன மஞ்சள். "இதப் போட்டா பூசணிக்கா மாதிரி இருப்பேன்மா" என்றார் அண்ணன். "இருங்க. முழுசா இருங்க, அது போதும்" என்றார் அண்ணி.

கயிற்று விஷயம் இதைவிடப் பெரிய கூத்து. கயிற்றை வீட்டுக் கூடத்தில் தரை முழுக்கப் பரப்பிவிட்டு, ஒரு முனையிலிருந்து விரல்களுக்கு நடுவே மெதுவாக இழுத்துக்கொண்டே போவார், கண்ணை மூடிக்கொண்டு. மேலே உறை நன்றாக இருந்தாலும் உள்ளே இழை நசுங்கியிருந்தால் விரலுக்கு அந்த இடம் தட்டையாக, கொழகொழவென்று தெரியுமாம். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. கயிற்றை மிதித்தால் தொலைந்தோம். ஒருமுறை அண்ணன் ஆசை ஆசையாக வைத்திருந்த கயிற்றில் ஓரிடத்தில் கை நின்றது. அண்ணி காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினார். "தூக்கிப் போட்டா போதாதா?" என்று அண்ணன் முனகினார். "தூக்கிப் போட்டா எவனாவது எடுத்து ஏறுவான்" என்றார். வெட்டிய துண்டில் ஒன்றை அம்மா ஜன்னல் திரையைக் கட்ட வைத்துக்கொண்டாள். கயிறு மட்டும் பிடித்திருந்தது, வெட்டியவளைப் பிடிக்கவில்லை.

இப்படித்தான் சங்கத்துச் சாமான் முழுக்க அண்ணி கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. இடுப்பில் கட்டும் வாரின் தையல் பிரிந்திருக்கிறதா, கொக்கியின் கதவு தானாக மூடுகிறதா, எல்லாம் அண்ணிதான் பார்க்க வேண்டும். கொக்கியைக் காதருகே வைத்து டப் டப்பென்று திறந்து மூடுவார். சத்தம் மந்தமாக இருந்தால் ஓரம் கட்டிவிடுவார். கேலிக்கும் குறைவில்லை. "செக்கிங் வருது, டிக்கெட்ட எடுத்து வெச்சுக்கங்க" என்பார்கள். அவர் பார்த்துக் கொடுத்த கயிற்றில் தொங்கிக்கொண்டே சொல்வார்கள்.

முதலுதவிப் பெட்டிதான் அண்ணியின் உயிர். ஐயோ, இந்த வார்த்தையை நான் வேண்டுமென்று எழுதவில்லை, ஆனால் வேறு எப்படிச் சொல்வது? அதற்கு முன் சங்கத்தில் இருந்தது ஒரு பிஸ்கெட் டப்பா. உள்ளே காய்ந்துபோன களிம்பு, தலைவலி மாத்திரை, எப்போதோ யாரோ போட்ட ஒரு சேஃப்டி பின். அண்ணி அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, மருந்துக் கடையில் நின்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார். பத்து பேர் உபயோகிக்கும் பெட்டிக்குக் கையுறை ஒரே அளவில் வாங்கக் கூடாது. கத்தரிக்கோல் முனை மழுங்கியிருக்க வேண்டும், ஆனால் ஜீன்ஸ் துணியை வெட்ட வேண்டும். கடையிலேயே பழைய துணி வாங்கி வெட்டிப் பார்த்தார். காயத்தில் அழுத்திக் கட்டும் பெரிய பஞ்சுக்கட்டு, கை உடைந்தால் தூக்கிக் கட்ட முக்கோணத் துணி, எலும்பு முறிவுக்கு வளைத்துக் கட்டுகிற தகடு, குளிர் தாங்க வெள்ளித்தாள் போர்வை. அப்புறம் அந்த இறுக்குப்பட்டை. கை காலில் பெரிய ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் காயத்துக்கு மேலே சுற்றி, அதிலிருக்கும் கம்பைத் திருகத் திருகப் பட்டை இறுகி ரத்தம் நிற்கும். அதை மட்டும் மூன்று கடை ஏறி இறங்கித்தான் வாங்கினார்.

வாங்கியதோடு விட்டாரா? என் கடைக்கு வந்து, முடி வெட்டும் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, என் தொடையில் கட்டிப் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால், இடது கையால். எனக்குக் கால் மரத்துப்போகும். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வாடிக்கையாளர் பயந்துபோய், "என்னம்மா பண்றாங்க உன்ன?" என்று கேட்டார். "பாசம்" என்றேன்.

பிரச்சினை டேப்பில் ஆரம்பித்தது. பாறை ஏறுகிறவர்களுக்கு விரல்தான் முதல். கூர்மையான விளிம்பைப் பிடித்துப் பிடித்துத் தோல் உரிந்துவிடும், அதனால் ஏறுவதற்கு முன் விரலில் வெள்ளை டேப் சுற்றிக்கொள்வார்கள். அதே டேப்தான் முதலுதவிக்கும், கட்டு நிற்பதற்கு. ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு சுருள் வாங்கி வர வேண்டியது. வாங்குவார்களா? பெட்டியைத் திறந்து, "கொஞ்சம்தான்" என்று கிழித்துக்கொள்வார்கள். இந்தக் கூத்துக்கு ராஜா மாதிரி ஒருவன் இருந்தான். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவன். பத்து விரலுக்கும் சுற்றாமல் பாறைப் பக்கமே போகமாட்டான், பெயரே பத்துவிரல். டேப் தீர்ந்தால் பஞ்சுக்கட்டைப் பிரித்து அதன் துணியைச் சுற்றிக்கொள்வான். துணிதான் போனால் போகிறது, கட்டின் உறையைப் பிரித்தால் அது அழுக்கு. அழுக்குக் கட்டைத் திறந்த காயத்தில் எப்படி வைப்பது?

அண்ணி நயமாகச் சொன்னார். தனியாக ஒரு சுருள் வாங்கி, "இது விரலுக்கு" என்று பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டார். காலையிலேயே அது தீர்ந்துவிடும், மத்தியானம் பெட்டிக்குள் கை போகும். கத்தினார். "அக்கா டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள். கடைசியில் ஒரு நாள், ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியபோது, தகட்டைக் கட்ட டேப் இல்லை. வெறும் அட்டை வளையம்தான் இருந்தது. ஷூ நாடாவைக் கழற்றிக் கட்டினார்கள். அன்றைக்குத்தான் அண்ணி பூட்டு வாங்கினார்.

பெட்டி எது தெரியுமா? என் அண்ணனின் பழைய டூல்ஸ் பெட்டி, கெட்டி இரும்பு. பூட்டு மாட்ட வளையம் வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். "என்னை மாதிரி ஆளுக்கு எதிரா நானே பூட்டுப் போடறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணி ஒரு விதி வைத்தார்: யார் கீழே நின்று கயிறு பிடிக்கிறாரோ, சாவி அவர் கழுத்தில் இருக்க வேண்டும். மேலே ஏறுகிறவரிடம் சாவி போகவே கூடாது. நல்ல விதி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

இனிமேல் சொல்வதை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் கேட்டேன். அதனால் இதுதான் நடந்தது என்று துணிந்து சொல்வேன்.

காலையில் சாவி அண்ணன் கழுத்தில் இருந்தது. பத்துவிரல் வந்து, "அண்ணே, ஒரே ஒரு விரலுக்கு" என்று கேட்டான். அண்ணனால் இல்லை என்று சொல்ல முடியுமா? திறந்து கொடுத்தார். அண்ணி பார்த்துவிட்டார்.

"எதுக்குங்க திறந்தீங்க?"

"ஒரு விரல்தானேம்மா. புள்ள கேக்குது."

"போன மாசம் அந்தப் பொண்ணு கால் வீங்கிக் கெடந்தப்ப இந்தப் புள்ள எங்க இருந்துச்சு?"

"விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். குடுங்க சாவிய."

அண்ணன் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார் அண்ணி. கோபத்தில் வார்த்தை தடித்தது, அதோடு பேச்சும் நின்றது. அண்ணியும் அதற்குள் ஏறப் பழகியிருந்தார், அவர் முறை வந்தது. ஏறினார். கீழே கயிறு பிடித்தது அண்ணன். எந்தச் சாமானையும் இரண்டு தடவை பார்க்கிற மனுஷி, எந்த விதியை அவரே வைத்தாரோ அதை அன்றைக்கு மறந்தார். கோபம் வந்தால் எல்லோரும் மறப்பார்கள். நானாக இருந்தால் சாவியைக் குவாரிக் குட்டையில் வீசியிருப்பேன்.

அண்ணி உச்சிக்குப் போய், அங்கே கொக்கி மாட்டித் தன்னைக் கட்டிக்கொண்ட பிறகு, பக்கவாட்டில் ஒரு பலகைக் கல் தானாகக் கழன்றது. முந்தின வாரத்து மழையில் மண் இளகியிருந்தது, யாரையும் குறை சொல்ல முடியாது. சின்னச் சில்லு ஒன்று அண்ணனின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. அந்த மஞ்சள் பூசணிக்காய் தன் வேலையைச் செய்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய துண்டு தரையில் மோதி உடைந்து, கத்தி மாதிரி ஒரு பக்கம் எகிறி, அவர் தொடையின் உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது.

பெட்டி காலடியில் இருந்தது. சாவி பாறை உச்சியில் இருந்தது.

"உடைங்க, கல்லால அடிச்சு உடைங்க" என்று மேலிருந்து அண்ணி கத்தினார். பத்துவிரல்தான் கல்லை எடுத்து அடித்தான். பூட்டு நசுங்கியது, வளையம் விடவில்லை. என் அண்ணன் வைத்த வெல்டிங் அப்படி. ஒருவன் சட்டையைக் கழற்றித் தொடையில் கட்டினான், நிற்கவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவனும் பெட்டி உடைக்க வா என்று கூப்பிட்டதும் கையை எடுத்துவிட்டான். சாவியை மேலிருந்து வீசினால் உடைந்த கற்களுக்குள் விழுந்து தொலைந்துவிடும், அண்ணியே இறங்க வேண்டும். இறங்குவது என்றால் குதிப்பதா? கயிற்றை மாற்றிப் போட்டு, இறங்கும் கொக்கியை மாட்டி, சரிபார்க்க வேண்டும். அவசரத்தில் ஒன்று தப்பினாலும் இரண்டு பிணம். அத்தனையும் செய்து, கயிற்றை இறுக்காமல் விட்டு, உள்ளங்கைத் தோல் வெந்துபோகும் வேகத்தில் இறங்கினார். நசுங்கிய பூட்டில் சாவி எப்படியோ நுழைந்தது. பெட்டி நிறைய சாமான் இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. என் தொடையில் பழகிய கை அல்லவா, ஒரே சுற்றில் பட்டையைக் கட்டித் திருகினார். ரத்தம் நின்றது. நிற்பதற்கு அதிகம் மிச்சம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்? அந்த "கொஞ்சம் முன்னாடி" அண்ணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"கடைசியா அவர்கிட்ட சாவிய குடுங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. நான்தான் கொன்னுட்டேன்."

"அண்ணி, என்ன பேச்சு இது."

"பூட்டினது நான். சாவிய எடுத்துட்டுப் போனது நான். வேற யாரு?"

எனக்கு அண்ணன் போய்விட்டார். கூடப் பிறந்தவர். அடித்துக்கொண்டு அழ வேண்டியவள் நான். ஆனால் அந்த வராந்தாவில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்தப் பெண் இந்த நினைப்போடு எப்படி உயிர் வாழும் என்று பயமும் வந்தது. அண்ணன் போனது போனதுதான். அண்ணியை அந்தப் பூட்டுக்குள்ளிருந்து வெளியே எடுப்பதுதான் அன்றிலிருந்து என் வேலையாகிப்போனது.

சங்கம் கூட்டம் போட்டது. செயலாளருக்குப் பெரிய பர்னிச்சர் கடை, அதன் பின்கட்டுதான் சங்கத்து அறை. அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று கடைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் ஆளுக்கொரு மூலையில், அசைந்தால் சரசரவென்று சத்தம் வரும் என்று அசையாமல். என் அம்மாவும் வந்தாள். அண்ணி பக்கத்தில் உட்காராமல் எதிரே போய் உட்கார்ந்தாள்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்ல. ஆனா முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட ஊர் உலகத்துல எங்கயாவது உண்டா? ஒரு நல்ல மனுஷன இழந்துட்டோம். இனிமே பெட்டி பூட்டாம இருக்கும். சாமான் பொறுப்ப வேற ஆள் பாத்துக்குவாங்க. மேடத்துக்கு ஓய்வு தேவை."

எல்லோரும் தலையாட்டினார்கள். முன்பு பூட்டுக்குத் தலையாட்டிய அதே தலைகள். பத்துவிரல் சொல்வான் என்று காத்திருந்தேன். காலையில் நான்தான் பெட்டியைத் திறக்கச் சொன்னேன், அதனால்தான் சாவி கை மாறியது என்று ஒரு வார்த்தை. அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பொறுக்காமல் எழுந்தேன்.

"எதுக்குப் பூட்டினாங்கன்னு யாராவது சொல்றீங்களா? நானே சொல்லட்டுமா?"

"அம்மா, ஒரு டேப்ப பத்தி இப்ப பேசணுமா?" என்றார் செயலாளர், ரொம்ப வருத்தமான குரலில். "ஒரு உயிர் போயிருக்கு."

"அந்த டேப்புலதான் சார் போச்சு."

அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "உக்காரு." குரலே இல்லை. எதிரே என் அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள், "என் புள்ளைக்கு எமன் பூட்டு உருவத்துல வீட்டுக்குள்ள வந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

பெற்ற வயிறு, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேட்டுக்கொண்டேன். மன்னிக்கவில்லை.

அண்ணி என்னோடு வந்துவிட்டார். என் கடைக்கு மேல்தான் வீடு. கையின் கட்டுப் பிரித்ததும் கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்தார், ஆனால் பழைய ஆள் இல்லை. லென்ஸை விளக்கில் பார்ப்பதை விட்டுவிட்டாராம். முதலாளியே என்னிடம் வந்து, "கீறலோட ஒண்ணு வெளிய போயிடுச்சும்மா" என்று கவலைப்பட்டார். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினாரா என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கழுத்தில் அந்தச் சாவி மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. கழற்றச் சொன்னால் துணிக்குள் தள்ளிக்கொள்வார்.

மாதங்கள் போயின. அண்ணனின் ஏறுகிற ஷூ சங்கத்து அறையில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதை எடுக்கப் போனேன். செயலாளர் பின்கட்டைத் திறந்துவிட்டார். பத்துவிரல் அங்கே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சுவரில் புதுப் பெட்டி மாட்டியிருந்தது. அழகான பெட்டி, முன்னால் கண்ணாடி மாதிரி மூடி, மேலே என் அண்ணனின் சின்னப் படம். "அண்ணன் நினைவா" என்று எழுதியிருந்தது. பூட்டு இல்லை. விரல் வைத்தால் திறந்துகொண்டது.

உள்ளே மூன்று அட்டை வளையங்கள், டேப் தீர்ந்துபோன வளையங்கள். உறை பிரித்துப் பாதி வெட்டிய பஞ்சுக்கட்டு. ஒரு கத்தரிக்கோல். அவ்வளவுதான்.

"அந்த இறுக்குப்பட்டை எங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இருக்கணுமே... ஏம்ப்பா, அந்தப் பட்டை?"

பத்துவிரலின் பக்கத்தில் இருந்த கயிற்றுச் சுருளைப் பார்த்தேன். சுருள் அவிழாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. கம்பைத் திருகி, நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தான்.

"இறுக்கமா நிக்குது, அதான்..." என்றான். பத்து விரலிலும் வெள்ளை வெளேரென்று புது டேப்.

திட்டப் போகிறேன் என்று இருவரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். என் வாய்க்கு வேலை இருக்கவில்லை. ஒரு அட்டை வளையத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் உள்ளுக்குள் ஒரு வெறி பிடித்த சந்தோஷம். கிடைத்தது. அண்ணியிடம் காட்ட ஒன்று கிடைத்தது.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். வளையத்தைத் துணிமேல் வைத்தேன். பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தையும் சேர்த்து, பட்டையையும் சேர்த்து.

"பாத்தீங்களா அண்ணி? நீங்க பூட்டலைன்னா அன்னிக்கும் பெட்டி இப்படித்தான் இருந்திருக்கும். திறந்திருக்கும், உள்ள ஒண்ணும் இருந்திருக்காது. நீங்க கொல்லல."

அண்ணி வளையத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "பூட்டினா எடுக்க முடியல. பூட்டலைன்னா எடுக்க ஒண்ணும் இல்ல. அப்போ எப்படிப் பாத்தாலும் அவர் போயிருப்பாரு."

"அதத்தான் சொல்றேன்."

"பெட்டிய நிரப்பிட்டு வந்தியா?"

"நானா? எதுக்கு?"

அண்ணி தலையாட்டினார். "நல்லது. அப்படியே இருக்கட்டும். அடுத்தது அவங்க வீட்டு ஆளு விழட்டும்."

இத்தனை மாதமாக இந்தக் கோபம் வர வேண்டும் என்றுதான் தவம் கிடந்தேன். தன்மேல் இருந்த கோபத்தை எடுத்து அவர்கள்மேல் போடட்டும் என்று. போட்டுவிட்டார். எவனோ முன்பின் தெரியாதவன் எடுத்து ஏறிவிடக் கூடாது என்று கயிற்றைத் துண்டு போட்ட மனுஷியின் வாயிலிருந்து வந்த வார்த்தையா இது? என் அண்ணனோடு சேர்த்து இவரையும் அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். அண்ணி துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கடையைக் கொஞ்சம் சாத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அவர்கள்மேல் இரக்கப்பட்டு இல்லை, அவர்கள் நாசமாய்ப் போகட்டும். என் அண்ணி சொன்ன வார்த்தை பலிக்கக் கூடாது, அவ்வளவுதான். பலித்தால் அதையும் அவர்தான் தூக்கிச் சுமப்பார். கடைக்காரர் இரண்டு இறுக்குப்பட்டைகளை எடுத்துப் போட்டு, "எதும்மா வேணும்?" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. என் தொடையில் எத்தனை தடவை கட்டியிருக்கிறார், ஒரு நாளாவது அதை உற்றுப் பார்த்தேனா? வேறு வழியில்லாமல் அண்ணிக்கு போன் போட்டேன்.

"அண்ணி, அந்தப் பட்டை வாங்கணும்னா எப்படிப் பாக்கணும்?"

மறுமுனையில் தேய்க்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்பார், கத்துவார், போனை வைத்துவிடுவார் என்று என்னென்னவோ நினைத்தேன். மிஷின் நின்றது. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"திருகுற கம்பு பிளாஸ்டிக்கா, இரும்பா?"

"ஒண்ணு பிளாஸ்டிக். ஒண்ணு இரும்பு மாதிரி இருக்கு."

"மாதிரி வேண்டாம். நகத்தால தட்டிப் பாரு. இரும்பா இருந்தா எடு. பிளாஸ்டிக் பாதி திருகுலயே ஒடஞ்சிடும்."

தட்டிப் பார்த்தேன். இரும்புதான். எடுத்துக்கொண்டேன் என்றேன்.

"பஞ்சுக்கட்டு உறை கிழியாம இருக்கான்னு பாரு. கையுறை ரெண்டு அளவு வாங்கு." கொஞ்சம் நிறுத்தினார். அழுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். "டேப்பு ரெண்டா வாங்கு. ஒண்ண அவங்க எடுத்துப்பாங்க."

நான் மூன்றாக வாங்கினேன்.